புள்ளி இல்லாத பெயர்

ஓலை வாசிக்கும் முன்
இரண்டு வீட்டு வம்சத்தையும் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்
குறும்பனைப் பங்குச் சாமியார்.
நாலு தலைமுறை போதும் என்றார்.
நான் வங்கிக் காசாளர்.
நாலோடு நிறுத்தத் தெரியவில்லை.

கோயில்பிள்ளை மெதலேன்
துணியில் பொதிந்த ஞானஸ்நானப் புத்தகத்தை
மேசையில் இறக்கி வைத்துத் தும்மினார்.
கொல்லம் ஆண்டு ஆயிரத்துப் பதினொன்று.
பூச்சி தின்றது போக மீதி எழுத்து.
மெய்க்குப் புள்ளி கிடையாது.
குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே கொம்பு.
காலும் ரகரமும் ஒரே வளைவு.
என் வீட்டுக்காரர் வழியில் ஏழாவது படியில்,
"தாய்" என்று போட்ட இடத்தில்,
ஆறு எழுத்தாக உட்கார்ந்திருந்தாள்:

கெ ர ல ர த தி

ஓரத்தில் பொடி எழுத்தில் ஏதோ கணக்கு.
அன்று அதை நான் பார்க்கவில்லை.

கொழுந்தன் கஸ்பார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"கேரளத்தி. தெளிவாத்தானே இருக்கு?
நாம விழிஞ்ஞத்துல இருந்து வந்தவங்கண்ணு
நான் அப்பவே சொன்னேன்லா?"
நடுவில் ஒரு ர மிச்சம் கிடக்கிறதே என்றேன்.
எழுதினவனுக்குக் கை நடுக்கம் என்றார்.

மார்த்தாண்டத்து மலையாள டீச்சர்
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து
"கோலரத்தி" என்று குரல் அனுப்பினார்.
சொல்லின் வாலில் ஒரு சந்தேகம் தூக்கி நின்றது.
"கெரலராத்தி" என்றான் துபாயிலிருந்து அஜின்.
அவன் வாயில் அது
சாப்பாட்டுக்குப் பின் போடும் மாத்திரையின் பெயர்.

ராத்திரி அடுப்பை அணைத்துவிட்டு
நானும் சொல்லிப் பார்த்தேன்.
கெர. கேர. கொ. கோ.
அடுக்களையில் யாரும் திரும்பவில்லை.
தப்பான பெயரில் கூப்பிட்டால்
செத்தவர்களும் சும்மாதான் இருப்பார்கள்.

சனிக்கிழமை இனயத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள்.
கல்யாணக் கார்டு முன்னூறு.
பெண் ஜெஸ்லின் தரையில் பரத்தி எண்ணினாள்.
இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மறுபடியும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
மூன்றாம் முறை முதல் கார்டில் அவள் விரலை வைத்தபோது
நேந்திரம் சிப்ஸ் தட்டை நகர்த்திக்கொண்டே
ரெஜிஸ்மேரி சொன்னாள்:

"மக்ளே, கொலாத்திக் கணக்கு போடாத.
நேரம் போவுது."

என்ன கணக்கு?

"கொலாத்திக் கணக்கு.
சரியா வராதத எண்ணிக்கிட்டே இருந்தா
எங்க வீட்டுல அப்பிடித்தான் ஏசுவாவ."

கொலாத்தி யாரு?

"யாருமில்ல. சும்மா ஒரு பேச்சு."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு
போனில் அந்தப் பக்கத்தைத் தேடினேன்.
கெ, பக்கத்தில் ர அல்ல, கால்: கொ.
ல, பக்கத்தில் அதுவும் கால்: லா.
த தலையில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.
ரெஜிஸ்மேரியைப் பார்த்தேன்.
ஒரு எழுத்தும் பாராமல்
நூற்றெண்பது வருஷமாகச் சரியாகச் சொல்லிவந்த வாய்
சிப்ஸ் கடித்துக்கொண்டிருந்தது.

ஸ்கொலாஸ்திக்காவாக இருக்கும் என்றார் சாமியார் பிறகு.
அந்தப் பெயரைக் கடற்கரை
இரண்டு பக்கமும் கடித்துத் தின்றிருக்கும்.
விரலை மடக்கிப் பார்த்தார்.
இரண்டு வீடும் ஒரே வயிறுதான், ஆனால் ஏழு படி.
கல்யாணத்துக்குத் தடையில்லை.

அது பிறகு.
அந்தச் சனிக்கிழமை நான் படத்தை ஓரத்துக்கு நகர்த்தினேன்.
"தகப்பன் கடலில்" என்றிருந்தது.
அதன் கீழே,
"வள்ளம் ௭ போச்சுது. வந்தது"
அடுத்த இலக்கம் இருக்கவேண்டிய இடத்தில்
பூச்சி தின்ற ஓட்டை.
ஓட்டை வழியே அடுத்த தாளின்
யாரோ ஒருவருடைய பிறந்த நாள் தெரிந்தது.

ஜெஸ்லின் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தாள்.
நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினேழு.
ஒரு கார்டுதானே, போகட்டும் என்றாள் அவள் அம்மா.

நான் சேலையை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.
பாதியை இங்கே தள்ளு என்றேன்.
முதலிலிருந்து வருவோம்.